குழப்பம் என்று பெயர் பெற்ற உயிர்

வானம் பார்த்த பூமி என்று நம் பல்லடம் வட்டாரத்தைச் சொல்வர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்நிலத்தில், பெய்கின்ற சிறிதளவு மழையும் வீணாகிவிடக் கூடாதென்று நம் முன்னோர் ஊர்தோறும் குட்டை வெட்டி வைத்தனர். ஆடு மாடுகள் நீர் அருந்தவும், அண்டையிலுள்ள கிணறுகளில் ஊற்றுப் பெருகவும் அக்குட்டைகள் உதவின. பின்னாளில் அவற்றுள் பல தூர்ந்தன, சில குப்பைமேடுகளாயின. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டபோது, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலுள்ள 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி நீரைக் கொண்டு சேர்ப்பது அதன் நோக்கம் என்று அறிந்து நாம் மகிழ்ந்தோம். நீர் வந்தால் பயிர் வரும், மீன் வரும், கொக்கு வரும் என்று பேசிக்கொண்டோம். அந்நீரில் வாழும் கண்ணுக்கெட்டாத உயிர்களைப்பற்றி நம்மில் எவரும் பேசவில்லை.

அவற்றுள் ஒன்றை நாம் பள்ளிப் பருவத்திலேயே அறிவோம். அமீபா என்பது அதன் பெயர். உயிரியல் ஏட்டில் அதன் படத்தை வரைந்து, உட்கரு, உணவுக்குமிழி, சுருங்கும் குமிழி, போலிக்கால் என்று அம்புக்குறியிட்டுப் பாகங்களைக் குறித்து, ஆசிரியரிடம் கையொப்பம் பெற்றோம். நாற்பது மாணவர் இருந்த வகுப்பில் நாற்பது ஏடுகளிலும் அமீபா ஒரே வடிவத்தில் இருந்தது. பாடநூலைப் பார்த்தே அனைவரும் வரைந்தோம். கணந்தோறும் உருமாறுவதையே இயல்பாகக் கொண்ட ஓர் உயிருக்கு நாம் நிலையானதோர் உருவத்தைக் கொடுத்துவிட்டோம் என்பது அப்போது நமக்குத் தோன்றவில்லை. ஆயினும் இப்பிழை நமக்கு மட்டும் உரியதன்று. இந்த உயிரினத்தை ஆராய்ந்த அறிஞர் பெருமக்களும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக இதே பிழையை வெவ்வேறு வகையில் செய்து, பின்னர் திருத்தி வந்துள்ளனர். அந்த வரலாற்றை, குறிப்பாக அமீபாக்களுள் பெரியனவற்றின் வரலாற்றைச் சற்றே சிந்திப்போம்.

பெரியன என்றால் எவ்வளவு பெரியன?

பாடநூலில் நாம் கண்ட அமீபா புரோட்டியஸ் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளமுடையது. தாளில் இடும் ஒரு முற்றுப்புள்ளியின் அளவு எனலாம். கூரிய பார்வை உடையவர் அதனை வெறுங்கண்ணாலேயே ஒரு வெண்துகளாகக் காணக்கூடும். இதற்கு நெருங்கிய உறவான கேயாஸ் கரோலினென்ஸ் என்னும் பேரமீபாவோ ஒன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை வளர்வது. அதன் உடல் ஒரே செல். ஆனால் அந்த ஒரே செல்லுக்குள் ஆயிரம் வரை உட்கருக்கள் இருக்கக்கூடும். தன்னைப்போலவே ஒரே செல்லால் ஆன பாராமீசியத்தையும், தன்னினும் சிக்கலான உடலமைப்புக் கொண்ட பல செல் உயிர்களாகிய சக்கர உயிரிகளையும் அது வளைத்துப் பிடித்து விழுங்குகிறது.

வாயில்லை, எனினும் உண்ணுகிறது. காலில்லை, எனினும் நடக்கிறது. உடலின் வெளிப்புறம் கூழ்போல் உறைந்தும், உட்புறம் நீர்போல் இளகியும் இருக்க, உள்ளிருக்கும் குழம்பு முன்னோக்கிப் பாய்ந்து ஒரு விரலை நீட்டுகிறது. பின்புறம் உறைந்திருந்த கூழ் மீண்டும் இளகி அதனைத் தொடர்கிறது. நம் தசைகள் சுருங்கக் காரணமான ஆக்டின், மயோசின் என்னும் புரதங்களே இங்கும் வேலை செய்கின்றன. செல்லுக்குள் குழம்பு ஓடுவதை முதன்முதலில் கண்டு எழுதியவர் இத்தாலி நாட்டின் ரெஜியோ நகரில் இயற்பியல் கற்பித்த குருவானவர் பொனவெந்தூரா கோர்ட்டி என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். 1774-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில், நீர்த்தாவரம் ஒன்றின் செல்லுக்குள் இவ்வோட்டத்தைக் கண்டதை விவரித்தார்.

பெயர் சூட்டிய கதை

அமீபாவை முதலில் படமாக வரைந்தவர் நூரம்பெர்க் நகரின் சிற்றோவியக் கலைஞர் ரோசல் வான் ரோசன்ஹோஃப். பூச்சிகளைப்பற்றி அவர் வெளியிட்டு வந்த வண்ணப்பட நூல்வரிசையில், 1755-ஆம் ஆண்டு இவ்வுயிரின் பல தோற்றங்களை அடுத்தடுத்து வரைந்து காட்டி, அதற்குச் 'சின்னப் புரோட்டியஸ்' என்று பெயரிட்டார். புரோட்டியஸ் என்பது கிரேக்கக் கதைகளில் பிடிக்க வருவோரிடமிருந்து தப்ப உருமாறிக்கொண்டே இருக்கும் கடல் தெய்வம். ஒரு படத்தோடு நிறுத்தாமல் பல படங்களை வரைந்த அந்த ஓவியர், நம் பள்ளி ஏடுகளைவிட உண்மைக்கு அருகில் இருந்தார்.

அடுத்து வந்தவர் உலகின் உயிர்களுக்கெல்லாம் பெயர் சூட்டப் புறப்பட்ட ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். 1758-இல் அவர் இதனை வால்வாக்ஸ் இனத்தில் சேர்த்தார்; 1767-இல் அதனினின்று பிரித்து, கேயாஸ் என்ற புதிய இனத்தில் வைத்தார். கேயாஸ் என்றால் ஒழுங்கு தோன்றுமுன் இருந்த குழப்பம் என்பது பொருள். அவ்வினத்தில் அவர் சேர்த்த ஐந்தனுள் ஒன்றில், ஊறல் நீரில் காணும் சிற்றுயிர்கள் அனைத்தையும் ஒரே பெயரில் அடக்கினார். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியவர், தமக்கு ஒழுங்கு புலப்படாத இடத்தில் குழப்பம் என்றே பெயர் எழுதி வைத்தார். அதனை அவருடைய குறையாக நாம் கருதவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டாமல் விட்ட நேர்மையாகவே கருதுகிறோம்.

1822-இல் பிரெஞ்சு அறிஞர் போரி தெ சேன் வேன்சான், மாற்றம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'அமிபா' என்ற பெயரை ஆக்கினார். பெர்லின் நகரின் ஏரன்பெர்க் அதன் எழுத்துகளைச் சற்றே திருத்த, அமீபா என்ற பெயர் நிலைத்தது. ஆனால் வழக்கு முடியவில்லை. 1900-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வில்சன் என்பவர் பேரமீபாவைக் கண்டு விவரித்தார். ரோசல் 1755-இல் வரைந்தது பாடநூல் அமீபாவையா, இந்தப் பேரமீபாவையா என்ற ஐயம் பின்னர் எழுந்தது. பேரமீபாவையே வரைந்தார் என்று 1926-இல் ஷேஃபர் வாதிட்டார்; அன்று என்று மாஸ்ட் முதலியோர் 1931-இல் மறுத்தனர். எந்த அமீபாவுக்கு எந்தப் பெயர் உரியது என்பது ஓர் ஓவியரின் தூரிகை எதைத் தொட்டது என்பதைப் பொறுத்ததாயிற்று. இன்றும் லின்னேயஸ் வைத்த 'கேயாஸ்' என்ற பெயரே பேரமீபாவின் இனப்பெயராக விளங்குகிறது.

இந்திய மண்ணில்

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. 1842-இல் பம்பாய்க்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஹென்றி ஜான் கார்ட்டர், பணி முடிந்த நேரங்களில் அத்தீவின் குளங்களிலிருந்து நீர் மொண்டு நுண்ணோக்கியில் பார்த்து வந்தார். குளங்களில் வளரும் நன்னீர்ப் பஞ்சுயிரிகளை ஆராய்ந்து, அவற்றின் செல்கள் தனித்தனியே பிரிந்தால் அமீபாவைப்போல் ஊர்ந்து செல்வதைக் கண்டார். பம்பாய்த் தீவின் நன்னீர் நுண்ணுயிர்களைப்பற்றி அவர் 1856-இல் எழுதிய கட்டுரை, நம் நாட்டுக் குளத்து அமீபாக்களை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்த தொடக்க கால ஆக்கங்களுள் ஒன்றாகும். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. ஊர்க் குளமும், ஒரு நுண்ணோக்கியும், பொறுமையுமே இருந்தன. 1862-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய பின்னும் அமீபாக்களைப்பற்றி எழுதினார்.

மற்றொருவர் ஜார்ஜ் சார்லஸ் வாலிச். கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த நத்தானியேல் வாலிச்சின் மகனாகிய இவர், 1815-இல் கல்கத்தாவிலேயே பிறந்தவர். இந்தியப் படையில் மருத்துவராகப் பணியாற்றி, உடல்நலம் குன்றித் தாயகம் சென்றார். 1860-இல் அட்லாண்டிக் கடலில் தந்திக் கம்பி பதிப்பதற்காகக் கடலாழம் அளக்கச் சென்ற புல்டாக் என்னும் கப்பலில் ஆய்வாளராகச் சென்றபோது, 1,260 பாக ஆழத்திலிருந்து, அதாவது இரண்டு கிலோமீட்டருக்கும் கீழிருந்து, உயிருள்ள உடுமீன் வகை உயிர்கள் அளவுகயிற்றைப் பற்றிக்கொண்டு மேலே வந்ததைக் கண்டு அறிவித்தார். அத்துணை ஆழத்தில் உயிர்கள் வாழ இயலாது என்று அறிஞர் பலர் நம்பியிருந்த காலம் அது. 1863-இல் ஒரு புதிய அமீபா வகையையும் அவர் விவரித்தார். இவருடைய பெயர் அடுத்து நாம் காணவிருக்கும் நிகழ்ச்சியிலும் வருகிறது.

இல்லாத பேருயிர்

1857-இல் அட்லாண்டிக் கடலடியிலிருந்து எடுத்த சேறு, சாராயத்தில் இடப்பட்டு இலண்டனில் பாதுகாக்கப்பட்டு வந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின், 1868-இல், புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லி அதனை மீண்டும் ஆராய்ந்தபோது, பசைபோன்ற ஒரு பொருள் அதில் படர்ந்திருப்பதைக் கண்டார். கடலடி முழுவதையும் மூடிப் படர்ந்திருக்கும் உருவற்ற பேருயிர் இது என்று கருதி, அதற்குப் பாதிபியஸ் ஹெக்கலியை என்று பெயரிட்டார். ஜெர்மானிய அறிஞர் ஹெக்கலைப் பெருமைப்படுத்த வைத்த பெயர் அது. உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தோன்றிய படியைத் தேடிக்கொண்டிருந்த ஹெக்கலோ, தாம் தேடியது கிட்டிவிட்டதென அகமகிழ்ந்தார். உலகிலேயே மிகப் பெரிய அமீபா கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லத்தக்க நிலை உருவாயிற்று. கடல் சேற்றைத் தம் கையால் அள்ளிப் பார்த்துப் பழகிய வாலிச் இதனை ஏற்க மறுத்தார். அவருடைய சொல் அக்காலத்தில் பெரிதாக எடுபடவில்லை.

1872-இன் இறுதியில் சேலஞ்சர் என்ற கப்பல் உலகக் கடல்களை ஆராயப் புறப்பட்டது. கடல்தோறும் சேற்றை அள்ளிப் பார்த்தும், புதுச் சேற்றில் பாதிபியஸ் அகப்படவே இல்லை. சாராயம் ஊற்றி வைத்த புட்டிகளில் மட்டும் அது தோன்றியது. 1875-இல் கப்பலின் வேதியியல் அறிஞர் புக்கானன் காரணத்தைக் கண்டறிந்தார். கடல்நீரில் சாராயம் கலந்தபோது வீழ்படிவாகப் பிரிந்த கால்சியம் சல்பேட்டுதான் அந்தப் 'பேருயிர்'. எளிதாகச் சொன்னால், சுண்ணாம்புச் சத்துடைய ஓர் உப்பு.

செய்தி கிடைத்ததும் ஹக்ஸ்லி என்ன செய்தார்? அவ்வாண்டே ஓர் அறிவியல் இதழில் அதனை வெளியிட்டுத் தம் தவற்றை ஏற்றுக்கொண்டார். 1879-இல் அறிஞர்கள் கூடிய பேரவையில் தம் வாயாலேயே மீண்டும் அதனை ஒப்புக்கொண்டார். ஹெக்கலோ பின்னும் சில காலம் தம் நம்பிக்கையை விட மனமில்லாதிருந்தார். சமயக் கருத்துகளில் ஹக்ஸ்லியோடு நாம் உடன்படுவதற்கில்லை. ஆயினும் தம் தவற்றைத் தாமே ஊரறியச் சொன்ன அவருடைய நேர்மையின் முன் நாம் தலைவணங்கவே வேண்டும். ஒப்புரவு அருள்சாதனத்தைப் பெறும் நமக்கு, தவற்றைத் தன் வாயால் சொல்வது எத்துணைக் கடினம் என்பது தெரியும்.

இக்கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. அதே சேலஞ்சர் கப்பல் ஆழ்கடலிலிருந்து மணலும் ஓடுகளும் கலந்து ஒட்டிய, உடையும் தன்மையுள்ள சில விந்தையான உருவங்களைக் கொணர்ந்தது. 1889-இல் அவற்றை ஆராய்ந்து வகைப்படுத்திய ஹெக்கல், அவை பஞ்சுயிரிகள் என்று எழுதினார். உண்மையில் அவை ஒரே செல்லால் ஆன பேருயிர்கள்! செனோபையோபோர் என இன்று வழங்கும் அவ்வகையில் சில இருபது சென்டிமீட்டர் வரை வளர்கின்றன. ஓடு கட்டும் போராமினிபெரா என்னும் ஒரு செல் உயிர்களின் உறவினர் அவை என்பதை 2003-இல் மரபணு ஆய்வு தெளிவாக்கியது. நம் அரபிக் கடலிலும், ஓமன் நாட்டை அடுத்த ஆழத்தில், ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் வரை வளரும் குரோமியா என்ற உருண்டையான ஒரு செல் உயிர் 2000-ஆம் ஆண்டு விவரிக்கப்பட்டது. ஒரு செல் பேருயிர் இல்லாத இடத்தில் அதனைக் கண்ட ஹெக்கலுக்கு, அது மெய்யாகவே கைக்கு வந்தபோது அடையாளம் தெரியவில்லை. நாம் காண விரும்புவதையே கண் காணும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ!

மூதாதை என்று எண்ணப்பட்ட உறவினர்

நம் காலத்திலும் இத்தகைய பிழை நேர்ந்ததுண்டு. 1874-இல் ஜெர்மனியின் கிரீஃப் என்பவர், குட்டைகளின் அடிச்சேற்றில் வாழும் பெலோமிக்ஸா என்ற பேரமீபாவை விவரித்தார். காற்று எட்டாத கருஞ்சேற்றில், மணற்பருக்கைகளையும் அழுகிய இலைத்துகள்களையும் விழுங்கிக்கொண்டு மெல்ல ஊரும் இவ்வுயிர் ஐந்து மில்லிமீட்டர் வரை வளரக்கூடியது. அதன் உடலுக்குள் பல உட்கருக்களும், உடன் வாழும் பாக்டீரியாக்களும் உள்ளன. ஆனால் உயிர்வளியைக் கொண்டு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பு மட்டும் அதில் காணப்படவில்லை.

ஆகவே மைட்டோகாண்ட்ரியா தோன்றுவதற்கு முன்பே பிரிந்துவிட்ட மிகத் தொன்மையான மூதாதை இது என்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிஞர் சிலர் முடிவு செய்தனர். 1983-இல் காவலியர் ஸ்மித் என்பவர் இத்தகைய உயிர்களுக்கு ஆர்க்கிசோவா என்ற தனிப் பெரும்பிரிவையே வகுத்தார். மரபணு ஆய்வுகள் பெருகியதும் அக்கருத்து நிலைகுலைந்தது. பெலோமிக்ஸா மூதாதை அன்று. அதன் முன்னோர்க்கு மைட்டோகாண்ட்ரியா இருந்தது. காற்றில்லாச் சேற்றில் வாழப் பழகியபின் அதனை இழந்தது என்பது தெளிவாயிற்று. எளிமையாக இருப்பதெல்லாம் தொன்மையானதன்று; இழந்ததனாலும் எளிமை வரலாம்.

பெலோமிக்ஸாவின் உறவினர் யார் தெரியுமா? நம் வீடுகளில் சீதபேதி, வயிற்றுக்கடுப்பு என்று அஞ்சும் நோயைத் தரும் என்டமீபாதான்! பாதிபியஸ் பொய்த்துப்போன அதே 1875-ஆம் ஆண்டில், ரஷ்யாவின் லோஷ் என்னும் மருத்துவர் அதனை நோயாளி ஒருவரிடம் கண்டு விவரித்தார். 1912-இல் கல்கத்தாவில் பணியாற்றிய லெனார்டு ரோஜர்ஸ் அதற்கு எமட்டின் ஊசி மருந்தைக் கையாண்டு பலர் உயிரைக் காத்தார். என்டமீபாவும் மைட்டோகாண்ட்ரியா அற்றது என்றே கருதப்பட்டது. அதன் எச்சமான ஒரு நுண்ணுறுப்பு அதனுள் இருப்பதை 1999-இல் கண்டுபிடித்தனர்.

அச்சமும் அறிவும்

அண்மைக் காலத்தில் அமீபா என்ற சொல்லே நம் மக்களை நடுங்கச் செய்கிறது. 2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தில் அமீபாவால் வந்த மூளைக்காய்ச்சல் உயிர்களைப் பறித்த செய்தி, பாலக்காட்டுக் கணவாய்க்கு இப்பால் வாழும் நம்மையும் கலங்கச் செய்தது. குழந்தைகளைக் குளத்துப் பக்கம் விடாதீர் என்று பெற்றோர் ஒருவரையொருவர் எச்சரித்தனர். எச்சரிக்கை வேண்டியதே. நெக்ளேரியா என்ற அவ்வுயிர் வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. மூக்கு வழியே ஏறி மூளையை அடைவது. நீரைக் குடிப்பதனால் அந்நோய் வருவதில்லை. தேங்கிய நீரில் மூழ்கிக் குளிப்பதைத் தவிர்த்தல் நலம். அதே வேளையில், நெக்ளேரியாவுக்கும் நம் பாடநூல் அமீபாவுக்கும் நெருங்கிய உறவு இல்லை என்பதையும் அறிதல் வேண்டும். உயிர்களின் குலமரத்தில் அது வெகு தொலைவிலுள்ள வேறொரு கிளையைச் சேர்ந்தது. அமீபா என்பது ஒரு குலத்தின் பெயர் அன்று. ஒரு நடையின் பெயர். நம் இரத்தத்தின் வெள்ளை அணுக்களும் அவ்வாறே ஊர்ந்து சென்று கிருமிகளை விழுங்கி நம்மைக் காக்கின்றன. ஒரே பெயரால் அழைக்கப்படுவோர் அனைவரையும் ஒரே குற்றத்திற்கு உள்ளாக்குவது மனிதரிடையேயும் நாம் செய்யும் பிழைதான்.

சென்ற மழைக்காலத்திற்குப் பின், நாமும் சில இளைஞர்களும் சேர்ந்து ஊர்க் குட்டையின் கரையிலிருந்து சிறிது சேறும், அழுகிய இலைகளும், நீரும் ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து வந்து, கடன் வாங்கிய நுண்ணோக்கி ஒன்றில் மூன்று மாலைப்பொழுதுகள் பார்த்தோம். பேரமீபா கிட்டவில்லை. பாராமீசியங்கள் ஓடின, சக்கர உயிரிகள் சுழன்றன, மூன்றாம் நாள், மிகச் சிறியதோர் அமீபா ஓர் இலைத்துணுக்கின் ஓரமாக ஊர்ந்து சென்றது. உடனிருந்த பள்ளி மாணவி படம் வரையத் தாளை எடுத்தாள். அவள் ஒரு கோடு இழுப்பதற்குள் அது வேறு வடிவம் கொண்டுவிட்டது. "எந்த வடிவத்தை வரையறதுங்க ஐயா?" என்று கேட்டாள். நமக்கு உடனே மறுமொழி கூற இயலவில்லை. ரோசலைப்போல் ஒன்றன்பின் ஒன்றாக வரைந்துகொண்டே போ அம்மணி என்று பின்னரே சொன்னோம். ஏழு படங்கள் வரைந்தாள்.

நம் குட்டைகளில் பேரமீபாக்கள் இல்லை என்று இதைக்கொண்டு நாம் முடிவு கட்டவில்லை. ஒரு புட்டி நீரை மூன்று நாள் பார்த்தவர்கள் அவ்வாறு சொல்லலாகாது. கார்ட்டர் பம்பாய்க் குளங்களில் பல்லாண்டுகள் பார்த்தார். நம் வட்டாரத்தின் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு நுண்ணோக்கி இருந்து, ஒவ்வோர் ஊரிலும் சாயநீரும் குப்பையும் கலவாத குட்டை ஒன்று இருந்தால், அப்பணியைத் தொடரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நுண்ணோக்கி வாங்கித் தருவது பங்கு மக்களாகிய நம்மால் இயலாததன்று. குட்டையில் குப்பை கொட்டாதிருப்பதற்கோ பணமும் தேவையில்லை. படைப்பைப் பண்படுத்திக் காக்கும் பொறுப்பு மனிதனுக்கு உண்டு என்று நாம் நம்புகிறோம். அப்படைப்பில் முற்றுப்புள்ளி அளவே உள்ள உயிர்களும் அடங்கும் என்பதை இனியேனும் நினைவில் கொள்வோமாக.